வரிசையில் முதல் வண்டி

மூடுபனி விலகி, வண்டிகளை ஏற்றி வந்த படகு ஒருவழியாகக் கரையைத் தொட்டது. வரிசையில் முதலாவதாக நின்ற மீன்குஞ்சு வேனின் சாவியைச் சின்னவள் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினாள். இந்தத் தடவை அந்த 'டக்'கும் இல்லை. முன்னால் எரிந்துகொண்டிருந்த குட்டி விளக்குகள் மங்கிப்போய் ஒவ்வொன்றாக அணைந்தன.

"என்ன ஆச்சு?" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவள்.

"பேட்டரி இறங்கிடுச்சுக்கா."

"நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் பெரியவள். எது நடந்தாலும் அவள் அப்பவே நினைத்திருப்பாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மீன்குஞ்சுப் பண்ணை நடத்துகிறார்கள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். வழக்கமாகக் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போவது அண்ணன்தான். அவர் குளக்கரையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். தம்பியோ, தாய்மீன்கள் முட்டையிடும் சமயம் என்பதால் பண்ணையை விட்டு நகர முடியாது. வண்டி ஓட்டத் தெரிந்தவள் சின்னவள், வாங்குகிறவரிடம் பேசத் தெரிந்தவள் பெரியவள். ஆகவே ஒரே வீட்டில் இருந்தும் ஒருநாளும் ஒன்றாக எங்கும் போகாத இருவரும் அன்று விடியும்போது ஒன்றாகக் கிளம்பினார்கள். போன தடவை வாங்குகிறவரின் குளத்தில் விட்ட குஞ்சுகள் நோய் கண்டு மொத்தமாகச் செத்திருந்தன. இந்த லோடும் பழுதானால் அந்த ஆள் இனி வேறு பண்ணையைப் பார்த்துக்கொள்வார். பாதி வழியில் இதை ஒருமுறை சொன்னதோடு சரி, அதற்கப்புறம் பெரியவள் வாய் திறக்கவில்லை.

வேனின் பின்பக்கம் மூன்று பெரிய தொட்டிகள். அவற்றில் விரல் நீளக் குஞ்சுகள் கருகருவென்று நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீரில் காற்றை ஊதும் பம்புகள் வேன் பேட்டரியில்தான் ஓடின. படகில் ஏறியதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. சாதாரண நாளில் ஆற்றைக் கடப்பது ஒரு டீ ஆறும் நேரம். அன்று நடு ஆற்றில் பனி சுவர்போல எழுந்து நிற்க, படகோட்டி நங்கூரத்தைப் போட்டுவிட்டார். பம்பை நிறுத்தினால் மீன் சாகும், ஓடவிட்டால் பேட்டரி சாகும். சின்னவள் யோசித்து, ஓடட்டும் என்று விட்டாள்.

அவள் அசட்டுத் துணிச்சலில் விடவில்லை. அவளுடைய இருக்கைக்குக் கீழே ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தது. செங்கல் அளவுப் பெட்டி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்கள். இறங்கிய பேட்டரியில் அதை மாட்டிச் சாவியைத் திருப்பினால், யார் தயவும் இல்லாமல் வண்டி கிளம்பிவிடும். அவள் கணவன் அதற்காகவே வாங்கிப் போட்டிருந்தான்.

அவள் குனிந்து அதை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். ஒரு சிவப்புப் புள்ளி இரண்டு தரம் மினுக்கியது. பிறகு ஒன்றுமில்லை.

"இது ஃபுல்லா இருந்துச்சே!"

பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரரோட இருந்தப்ப போனுக்குச் சார்ஜ் இல்லை. வார்டுல பிளக்கும் வேலை செய்யலை. அதை எடுத்துட்டுப் போயிருந்தேன். ராத்திரி லைட்டுக்கும் அதைத்தான் வெச்சிருந்தேன்."

"திரும்பச் சார்ஜ் போடலையா?"

"போடணும்னு தெரியாது. பேட்டரின்னா சார்ஜ் அதுக்குள்ளேயே இருக்கும்னு நினைச்சேன்."

சின்னவளுக்கு வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. பின்னாலிருந்து ஹாரன் அலறியதால் அது உள்ளேயே நின்றது.

அந்தப் படகு ஒடுக்கமானது. வண்டிகள் ஒரே வரிசையாகத்தான் நிற்க முடியும். பின்முனையில் ஏறி முன்முனையில் இறங்க வேண்டும். வேனுக்குப் பின்னால் ஒரு டாக்ஸி, அதற்கும் பின்னால் ஒரு சின்னக் கார். படகின் முன்பலகை கரைமேல் இறங்கிக் கிடந்தது. அதைத் தாண்டி, ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்ததால், செங்குத்தாக ஏறும் சிமெண்டுச் சரிவு.

"அம்மா, எடுங்க வண்டியை!" என்று படகோட்டி மேலேயிருந்து கத்தினார்.

ஹாரன் மறுபடி அலறியது. சின்னவள் கோபத்தோடு இறங்கினாள். அதற்குள் டாக்ஸி டிரைவர் ஓடியே வந்துவிட்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதே. உள்ளே ஒருத்தர் ரெண்டு விரலு அறுபட்டுக் கிடக்காரு. அறுபட்டதை ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போறோம். நேரத்துக்குப் போனா ஒட்ட வெச்சிடலாம்னு டாக்டர் போன்ல சொல்லியிருக்காரு. பனியிலேயே பாதி நேரம் போயிடுச்சு."

சின்னவள் டாக்ஸியின் உள்ளே பார்த்தாள். பின்னிருக்கையில் சாய்ந்து கிடந்தவர் ஒரு தச்சர். சட்டையெங்கும் மரத்தூள். இடது கையைத் துண்டால் சுற்றி நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். துண்டு முழுக்க ஊறியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி மடியில் ஒரு ஐஸ் பெட்டி. அதன் மூடியை அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள், தப்பி ஓடிவிடும் எதையோ பிடித்திருப்பதுபோல.

"எடுத்துடுவீங்க இல்லை?" என்று அவள் கேட்டாள்.

"எடுத்துடுறேங்க" என்றாள் சின்னவள். எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

கரையில் வேறு வண்டி ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தார்கள். பனியால் படகு ஓடாது என்று காலையிலேயே செய்தி பரவியிருந்தது; எல்லோரும் மேற்கே தூரத்துப் பாலத்துக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்காரன் நின்றான். தச்சரை அதில் ஏற்றலாம் என்று எழுப்பி நிற்க வைத்தபோது, அவர் கண்கள் மேலே சொருகின. டாக்ஸிக்காரர் தாங்கிப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், அதுவும் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள்.

"தள்ளுவோம்" என்றார் படகோட்டி.

தள்ளினார்கள். படகோட்டி, டாக்ஸிக்காரர், மோட்டார் சைக்கிள்காரன், கடைசிக் காரிலிருந்து இறங்கி வந்த கனத்த மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர், எல்லோரும் மூச்சைப் பிடித்துத் தள்ள, வேன் ஒரு சாண் ஏறியது. தொட்டிகளில் தண்ணீர் பின்னோக்கி மோதியதும் அந்த ஒரு சாணும் திரும்பி வந்தது. சின்னவள் பிரேக்கை மிதித்திராவிட்டால் டாக்ஸியின் மூக்கு நசுங்கியிருக்கும்.

"யானையைத் தள்ளுற மாதிரி இருக்கு. தண்ணியைத் திறந்து விட்டுடுங்கம்மா. வண்டி லேசாகிடும்" என்றார் படகோட்டி.

"தண்ணியோட மீனும்ல போகும்!" என்று பெரியவள் வேனுக்குள்ளிருந்தே கத்தினாள்.

"என்கிட்ட கேபிள் இருக்கு" என்றார் டாக்ஸிக்காரர். டிக்கியிலிருந்து எடுத்தும் வந்தார். வேனின் பேட்டரி முன்பக்கம் பானெட்டுக்குக் கீழே இருந்தது. டாக்ஸியின் பேட்டரியும் அதன் முன்பக்கத்தில்தான். இடையில் முழு வேன் நீளம். கேபிள் பாதி தூரம்கூட வரவில்லை. பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தலாமென்றால், படகின் கைப்பிடிக்கும் வேனுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம்.

படகோட்டி எஞ்சின் அறையிலிருந்து இன்னொரு ஜோடி வயர் கொண்டுவந்தார். "படகு பேட்டரியிலேயே மாட்டிடலாமா? நல்ல தடி பேட்டரி."

"அது எத்தனை வோல்ட்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருபத்து நாலு."

"வேனு பன்னெண்டு. மாட்டினா எல்லாம் கருகிடும்."

சின்னவள் இரண்டு கேபிள்களையும் ஒன்றோடொன்று கவ்வவைத்தாள். கிளிப்கள் இரும்பில் உரசாமல் இருக்க டாக்ஸிக்காரர் ரப்பர் மிதியடியைக் கொண்டுவந்து கீழே விரித்தார். டாக்ஸி எஞ்சின் உறும, சின்னவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு முறை முனகியது, பாரம் தாங்காத மாடு எழுந்து மறுபடி படுத்ததுபோல. இணைப்பிலிருந்து சூடான ரப்பர் வாசனை வந்தது.

"போதும், போதும். அவ்வளவு நீளத்துல கரண்ட் வந்து சேராது" என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டு தன் காருக்கு ஓடினார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதுவும் ஜம்ப் ஸ்டார்ட்டர்தான். சின்னவளுடையதில் பாதிகூட இல்லை.

"இது என் காருக்கு வாங்கினது. சின்ன பெட்ரோல் காரு. உங்களுது டீசல். இழுக்குமான்னு தெரியலை. பாதி சார்ஜ்தான் இருக்கு."

"கொடுங்க சார்."

இதற்கிடையில் வேனின் பின்பக்கம் ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. இவ்வளவு நேரம் ஈனமாக ஊதிக்கொண்டிருந்த பம்புகள் ஓய்ந்துவிட்டன. சின்னவள் எட்டிப் பார்த்தாள். மூன்று தொட்டிகளிலும் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர்ப் பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள்.

பெரியவள் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கம் ஏறினாள். கூஜாவில் இருந்த குடிதண்ணீரைக் கொட்டிவிட்டு, அதிலேயே தொட்டித் தண்ணீரை முகந்து, தலைக்கு மேலே தூக்கி ஊற்றினாள். முகந்தாள், ஊற்றினாள். தண்ணீர் நுரைத்து விழுந்த இடத்தில் குஞ்சுகள் நெருக்கியடித்தன.

"நீ முன்னாடி பாரு. நான் இதைப் பார்த்துக்கறேன்" என்றாள்.

சின்னவள் பம்புகளின் வயரைக் கழற்றிப் போட்டாள். கிடைக்கிற கொஞ்சம் உயிரும் எஞ்சினுக்கே போகட்டும். பானெட்டுக்கு வந்தால் அடுத்த சிக்கல் காத்திருந்தது. கண்ணாடிக்காரரின் பெட்டி மாட்டியதும் சிவப்பாக எரிந்து நின்றது.

"பேட்டரி ரொம்ப இறங்கிட்டா இது பேட்டரின்னே கண்டுபிடிக்காது. இந்தப் பட்டனை அழுத்திப் பிடிச்சா பாதுகாப்பையெல்லாம் தாண்டிக் கரண்ட் குடுக்கும். ஆனா பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. "எது பிளஸ்ஸு?"

சின்னவள் குனிந்து பார்த்தாள். பேட்டரியின் முனைகள் இரண்டிலும் வெள்ளையாகப் பூத்துக் குறி தெரியவில்லை. வயர்கள் இரண்டும் கறுப்பு. எப்போதோ மாற்றிப் போட்டவர் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். புடவைத் தலைப்பால் துடைத்தாள், நகத்தால் சுரண்டினாள். எழுத்து எப்போதோ தேய்ந்து போயிருந்தது. வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கணவன் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பான்.

"சீக்கிரம் தங்கச்சி" என்றார் டாக்ஸிக்காரர். அவர் குரல் தணிந்திருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஒரு வயரை விரலால் பிடித்து அது போகும் வழியே போனாள். அது எஞ்சின் பக்கம் வளைந்து உள்ளே ஒளிந்தது. மற்றதைப் பிடித்தாள். அது நேராக இறங்கி வண்டியின் உடம்பிலேயே ஒரு போல்ட்டில் முடிந்தது.

"உடம்புல போறது மைனஸ்தானே சார்?"

"ஆமா. நிச்சயமாத் தெரியுதா?"

"கையால தொட்டுப் பார்த்துட்டேன்."

கிளிப்களை மாட்டினார்கள். அவள் உள்ளே ஏறி, டீசல் எஞ்சின் சூடேறுவதைக் காட்டும் சுருள் வடிவ விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்தாள். கண்ணாடிக்காரர் பட்டனை அழுத்திப் பிடித்துத் தலையசைத்தார். சாவி திரும்பியது. எஞ்சின் சுற்றியது! கர்... கர்... கர்... மெல்ல, இன்னும் மெல்ல, பிறகு நின்றது.

"சூடாகிடுச்சு. ஆறணும். இன்னும் ஒரு தடவைதான் இழுக்கும்" என்றார் அவர். பெட்டியில் சார்ஜ் காட்டும் ஒரே ஒரு புள்ளி மிச்சமிருந்தது.

சின்னவள் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள். பின்னால் பெரியவள் ஊற்றும் தண்ணீர்ச் சத்தம் விடாமல் கேட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் யாரோ நின்றார்கள். ஐஸ் பெட்டியோடு தச்சரின் மனைவி.

"ஐஸ் கரையுது" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்திருக்கிறது.

சின்னவள் இறங்கினாள். பெரிய யோசனையெல்லாம் ஒன்றும் இல்லை, பதற்றத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கீழே கிடந்த நீளக் கேபிளைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது.

"சார், அந்தக் கேபிள்ல வண்டி கிளம்பாதுதான். ஆனா பேட்டரி கொஞ்சமாவது சார்ஜ் ஏறுமா?"

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார். "ஏறும். சொட்டுச் சொட்டா ஏறும். இந்தப் பெட்டி ஆறுற வரைக்கும் ஏத்திக்கிட்டே இருக்கலாம். அப்புறம் கேபிளைக் கழட்டிட்டு இதை மாட்டிடலாம்."

டாக்ஸி எஞ்சினை முறுக்கினார்கள். கேபிள் வேனின் பக்கவாட்டில் ஓடி நின்றது. இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது. கண்ணாடிக்காரர் பெட்டியைத் தரையில் வைத்து, தன் செய்தித்தாளால் விசிறினார், காய்ச்சல்காரக் குழந்தைக்கு விசிறுவதுபோல. மோட்டார் சைக்கிள்காரன் பின்பக்கம் ஏறி, தன் ஹெல்மெட்டால் இரண்டாவது தொட்டியில் தண்ணீர் முகந்து ஊற்ற ஆரம்பித்தான்.

டாக்ஸிக்குள்ளிருந்து தச்சர் கூப்பிட்டார். சின்னவள் போய்க் குனிந்தாள்.

"பதறாதீங்கம்மா" என்றார் அவர். உதடு காய்ந்திருந்தது. "அவசரமா வேலையை முடிக்கணும்னு பதறித்தான் நான் கையை விட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

வேனின் பின்பக்கம் வந்தபோது பெரியவள் முகப்பதை நிறுத்தியிருந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து, கடைசித் தொட்டியின் திறப்புக் குழாயில் கை வைத்து நின்றாள். அந்தத் தொட்டியில் சில குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

"அக்கா?"

"இந்தத் தடவையும் கிளம்பலைன்னா மூணையும் திறந்துடுவேன். தள்ளி ஏத்திடுங்க. குஞ்சு வாங்குறவருக்குப் போன்ல நான் பதில் சொல்லிக்கறேன்." அவள் மூச்சு வாங்கியது. "பெட்டியைக் காலி பண்ணினவ நான். மீனு போச்சுன்னா போகட்டும், அவரு கை போகக் கூடாது."

"அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"சரி, போ. போய் ஏறு."

பெட்டி ஆறிவிட்டது என்றார் கண்ணாடிக்காரர். கேபிளைக் கழற்றிப் பெட்டியை மாட்டினார்கள். சின்னவள் சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினாள். சுருள் விளக்கு இந்தமுறை பளிச்சென்று எரிந்தது. அது அணையும்வரை மூச்சுவிடாமல் இருந்தாள். அணைந்தது. கிளட்சை அடிவரை மிதித்துச் சாவியைத் திருப்பினாள்.

கர்... கர்... கர்...

"விடாதே, விடாதே!" என்று டாக்ஸிக்காரர் கத்தினார்.

கர்... கர்... ஒரு இருமல். இன்னொரு இருமல். எஞ்சின் தும்மி, குலுங்கி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

யாரும் கைதட்டவில்லை. கண்ணாடிக்காரர் கிளிப்களைப் பிடுங்கிக்கொண்டு பானெட்டை அறைந்து மூடினார். படகோட்டி சரிவில் நின்று இரண்டு கையாலும் 'வா வா' என்றார். இப்போது வண்டி நின்றுபோனால் எல்லாம் போச்சு. ஆக்சிலேட்டரை மிதித்து, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். வேன் முன்பலகையில் ஏறியது. தண்ணீர் பின்னுக்கு மோதியது. வண்டி ஒரு கணம் தயங்கியது. அவள் இன்னும் மிதித்தாள். சிமெண்டில் டயர் வழுக்கிப் பிடித்து, வேன் அலறிக்கொண்டே மேலேறியது. மேலே போனதும் ஓரத்துச் சேற்றில் ஒதுக்கினாள்.

டாக்ஸி பக்கத்தில் சீறிக்கொண்டு போயிற்று. உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அதைத்தான் விரும்பினாள்.

எஞ்சினை அணைக்காமல் பின்பக்கம் ஓடிப் பம்புகளின் வயரை மாட்டினாள். குமிழிகள் எழுந்தன. பெரியவளும் மோட்டார் சைக்கிள்காரனும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு தொட்டிகளில் குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. மூன்றாவதில் பாதிக்கு மேல் மிதந்தன. பெரியவள் அவற்றைக் கூஜாவால் வாரி வாரி வெளியே போட்டாள்.

வாங்குகிறவர் குளத்தங்கரையில் கைகட்டி நின்றிருந்தார். பெரியவள் முதலிலேயே மூன்றாவது தொட்டியைத் திறந்து காட்டினாள்.

"இதுல பாதி போச்சுண்ணா. மறைச்சு ஊத்துறதுக்கு எனக்கு மனசு வரலை. அந்த ரெண்டும் நல்லா இருக்கு, நீங்களே பாருங்க."

அவர் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தார். படகில் நடந்ததை அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "இறக்குங்க, பார்க்கலாம்" என்றார். இறக்கி முடிக்கும்வரை சின்னவள் எஞ்சினை அணைக்கவே இல்லை. திரும்பும் வழியிலும் அணைக்கவில்லை. படகை விட்டுவிட்டுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

டாக்ஸிக்காரரின் நம்பரைப் பெரியவள் எப்போது வாங்கினாள் என்று சின்னவளுக்குத் தெரியாது. சாயங்காலம் அடுக்களைக்கு வந்தவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாம்" என்றாள். "ஒரு விரலு ஒட்டிக்கிச்சாம். ரத்தம் ஓடுதாம்."

"இன்னொண்ணு?"

"அதுக்கு உயிர் இல்லைன்னுட்டாங்களாம்."

சின்னவள் அடுப்பைத் தணித்தாள். பனி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், பம்பை அவள் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தியிருந்தால் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. அது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பெரியவள் ஒரு முக்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டாள்.

"உட்காரு. நானும் காலையிலேருந்து அதையேதான் போட்டுக் குடைஞ்சுக்கிட்டிருக்கேன்."

சின்னவள் உட்கார்ந்தாள். பெரியவள் அடுப்பை மறுபடி ஏற்றி, கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கிளற ஆரம்பித்தாள்.